தபால் சைக்கிள் முறிந்த வழக்கு

"கம்பெனி வாகனம் எதுவும் விபத்துக்குள்ளானால் முதலில் வாகனத்தைப் பரிசோதிக்க வேண்டும். பரிசோதனை அறிக்கைக்கு ஏஜெண்டு அலுவலகத்திலிருந்து பதில் வந்த பிறகே அதை வைத்திருந்தவர் மேல் நடவடிக்கை எடுக்கலாம்."

எங்கள் தோட்ட விதிப் புத்தகத்தில் வாகனங்களைப் பற்றிய பகுதியின் கடைசிப் பத்தி இது. எழுதியவர் துரைமார்களின் மோட்டார் காரை மனத்தில் வைத்து எழுதியிருக்க வேண்டும். வாகனம் என்றால் என்னென்ன என்று அவர் சொல்லவில்லை. நான் வேலை பார்த்த காலம் முழுவதும் அந்தப் பத்தியை யாரும் புரட்டியதாக நினைவில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர.

போன மாதம் என்னைப் பார்க்க வந்த இளைய கிராணிகளில், அதாவது தோட்ட ஆபீஸ் எழுத்தர்களில், ஒருவர் புது சைக்கிள் வாங்கியிருந்தார். பிரேம் முழுக்கப் பிளாஸ்டிக் சுற்றியிருந்தது. அதைப் பிரிக்கவே கூடாது, பிரித்தால் கீறல் விழும் என்று கடைக்காரர் சொன்னாராம். நான் விரலால் அழுத்திப் பார்த்தேன். உள்ளே மழைத் தண்ணீர் குளுகுளுவென்று ஓடியது. துருப் பிடிக்காமல் இருக்க என்ன செய்யலாம் ஐயா என்று அவரே கேட்டார். கேட்டதற்குப் பதில் அரை மணியில் முடிந்துவிட்டது. ஆனால் துருவைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி காத்தமுத்துவிடமிருந்தும், மீதிப் பாதி பெரிய கிராணி கந்தையாவிடமிருந்தும் வந்தவை. அவர்கள் இருவரையும் சொல்லாமல் விட்டால் அந்தப் பதிலுக்குப் பொருளில்லை.

நான் மலாய் நாட்டுச் சிரம்பானில் பாதிரிமார் பள்ளியில் படித்தேன். ஆங்கிலத்தில் மனு எழுதவும், தப்பில்லாமல் கூட்டவும், துரை நகைச்சுவை சொல்லும்போது சரியான இடத்தில் சிரிக்கவும் அங்கே கற்றுக்கொண்டேன். பிறகு ஜெலபு மலைப்பக்கம், கோலா கிளாவாங்குக்கு மேலே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் இரண்டாம் கிராணியாகச் சேர்ந்தேன். பயிற்சி என்று தனியாக எதுவும் கிடையாது. விதிப் புத்தகத்தைக் கையில் கொடுத்து ஒரு வாரம் தனியே உட்கார வைத்தார்கள். அதை நான் மனப்பாடம் செய்துவிட்டேன். பின்னாளில் பலருக்கு என்னைப் பிடிக்காமல் போனதற்கு அதுவே காரணம்.

பெரிய கிராணி கந்தையா யாழ்ப்பாணத்துக்காரர். கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, மடிப்புக் கலையாத வேட்டி, எப்போதும் கூர் சீவிய இரண்டு பென்சில்கள். யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. அவருக்குக் கோபம் வந்தால் அவருடைய பேச்சில் மரியாதை கூடிவிடும். அவர் ஒருவரை "தாங்கள்" என்று அழைத்தால் அந்த ஆள் வேறு தோட்டத்தில் வேலை தேடத் தொடங்கலாம் என்று ஆபீசில் சொல்வோம்.

காத்தமுத்து எங்கள் தோட்டத்துத் தபால்காரர். தினமும் காலையில் கோலா கிளாவாங் தபாலாபீசுக்குச் சைக்கிளில் இறங்கிப் போய், தபால் பையையும் ஆஸ்பத்திரிக்கு வேண்டிய கொயினா மருந்தையும் எடுத்துக்கொண்டு மலையேறி வருவார். ஏறும்போது பாதி வழி தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். சடக்கு, அதாவது மலைச் சாலை, அப்படி. ஜெலபு மழை உங்களுக்குத் தெரியும். காலையில் பனி, மத்தியானம் மழை, இடையில் கொஞ்ச நேரம் எல்லாம் ஆவியாக எழும்பும். இரும்பை வெளியில் விட்டால் மூன்றாம் நாள் சிவக்கும் ஊர்.

தோட்டத்தில் மூன்று கம்பெனி சைக்கிள்கள் இருந்தன. ஒன்று ஆஸ்பத்திரி டிரெசருக்கு, ஒன்று வெளிக்காட்டு வேலையை மேற்பார்க்கும் கண்டக்டருக்கு, மூன்றாவது தபாலுக்கு. கண்டக்டர் தன் சைக்கிளுக்கு ரப்பர் பாலைப் பூசிவிடுவார். இது எங்கள் பக்கத் தோட்டங்கள் எல்லாவற்றிலும் இருந்த பழக்கம். பால்தான் வாளி வாளியாகக் கிடைக்கிறதே. தூரிகையால் இரண்டு தடவை பூசிக் காயவைத்தால் பிரேம் தேன் நிறத்தில் பளபளக்கும், மண்வெட்டி உரசினாலும் கீறல் விழாது. ஒரு வருஷம் கழித்து ஓரத்தில் நகத்தை விட்டு உரித்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும், பாலில் இருந்த தண்ணீர் எங்கேயும் போகவில்லை, எனாமலுக்கும் இரும்புக்கும் நடுவில் போய்க் குடியேறியிருக்கிறது என்று. கண்டக்டர் உரித்துப் பார்க்கும் ரகம் அல்ல.

காத்தமுத்து செய்தது வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வேலை பார்ப்பதை நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன். விடுமுறை நாளில் ஒருவரால் இவ்வளவு கவனத்தோடு இருக்க முடியுமா என்று எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியமாக இருக்கும். முதலில் தண்ணீர் படாமல் உலர்ந்த துணியால் மண்ணை எல்லாம் தட்டி எடுப்பார். ஈரத்துணி போட்டால் மண்ணே உப்புத்தாள் மாதிரி எனாமலைச் சுரண்டிவிடும் என்பார். பிறகு விரல் நுனியால் பிரேமைத் தடவிக்கொண்டே போவார். கண்ணுக்குத் தெரியாத கீறல் விரலுக்குத் தெரியும். கீறல் இருந்தால் அந்த இடத்தை மட்டும் தேங்காய் நாரும் சாம்பலும் வைத்து, இரும்பு வெள்ளையாகத் தெரியும் வரை தேய்த்து, மண்ணெண்ணெயால் துடைத்து, எனாமலைத் தீக்குச்சி முனையில் தொட்டு வைப்பார். அது காயும் வரை தொடமாட்டார்.

காய்ந்த பிறகு மேல்பூச்சு. மலாய்க்காரர்கள் படகு அடைக்கும் குங்கிலியத்தை இடித்துத் தூளாக்கி, ராவுத்தர் கடைத் தேன்மெழுகோடு டின்னில் உருக்கி, அடுப்பிலிருந்து தள்ளி இறக்கி வைத்து, ஆறி வரும்போது கொஞ்சம் மண்ணெண்ணெய் கலப்பார். அதை மெல்லிய துணியில் தொட்டுத் தொட்டுத் தேய்ப்பார். தடிமனாகப் பூசினால் வெடிக்கும். கடைசியில் மனைவி அஞ்சலையின் பழைய நூல் சேலைத் துண்டால் துடைப்பார்.

தபால் பை உரசும் இடங்களில், அதாவது மேல் பாரிலும் கேரியரைத் தாங்கும் கம்பிகளிலும், பெடலைச் சுற்றிச் சேறு தெறிக்கும் கீழ்க்குழாயிலும், மெல்லிய தகடாக உருட்டிய கிரேப் ரப்பரின் ஓரத் துண்டுகளை நாடா போலச் சுற்றுவார். அதைச் சுற்றுவதிலும் ஒரு முறை. கீழே தொடங்கி மேல்நோக்கி, அத்தாப்புக் கூரை வேய்வது போல, ஒன்றின் மேல் ஒன்று படியச் சுற்றினால் மழை வழிந்து ஓடிவிடும். மேலிருந்து கீழே சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் ஒரு கிண்ணம். அதையும் ஞாயிறு தவறாமல் பிரித்து, காயவைத்து, திரும்பச் சுற்றுவார்.

ஒருமுறை அந்த வழியாகப் போன கண்டக்டர் நின்று பார்த்துவிட்டு, "பொண்டாட்டிக்குக்கூட இவன் இவ்வளவு எண்ணெய் தேச்சிருக்க மாட்டான்லா" என்றார்.

அஞ்சலை ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, "எனக்குத் தேச்சா நான் தபால் தூக்குவேனாங்க?" என்றாள்.

அன்று சிரித்தவர்களில் கண்டக்டர் இல்லை.

ரப்பர் விலை விழுந்து, பக்கத்துத் தோட்டங்களில் ஆள் குறைக்கத் தொடங்கிய வருஷம் அது. வேலை போனால் லயத்து அறை போகும். லயத்து அறை போனால் ஊருக்குத் திருப்பியனுப்பும் நாகப்பட்டினத்துக் கப்பல்தான். காத்தமுத்துவுக்கு அங்கே யாரும் இல்லை. அஞ்சலை இங்கேயே பிறந்தவள், கப்பலைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. அப்போது அவள் பிள்ளை உண்டாகியிருந்தாள்.

ஒரு காலை மழை விட்ட கையோடு தபாலுக்கு இறங்கிய காத்தமுத்து, மூன்றாவது வளைவில் விழுந்தார். சறுக்கி விழவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழ்க்குழாய் பெடல் பக்கம் முறிந்து, சைக்கிள் இரண்டாக மடிந்தது. அவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. பள்ளத்தில் கிடந்தவர், காலிப் பையைக் கையோடு பிடித்துக்கொண்டு நடந்தே ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

கண்டக்டரின் புகார் அன்றைக்கே துரையின் மேசைக்குப் போய்விட்டது. விதிப்படி கம்பெனி எனாமலைத் தவிர வேறு எதையும் சைக்கிள் மேல் பூசவோ சுற்றவோ கூடாது. காத்தமுத்து சுற்றினார். சுற்றிய ரப்பருக்குள் ஈரம் நின்று இரும்பைத் தின்றுவிட்டது. கம்பெனிச் சொத்தைக் கெடுத்தவரை வேலையில் வைத்திருக்க முடியாது. இதுதான் புகார். பால் பூசிய சைக்கிளில் தினமும் போய்வருகிறவர் இதை எழுதினார் என்பதை நான் மறக்கவில்லை. துரைக்கும் அப்போது ஆள் குறைக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. நீக்கல் உத்தரவைத் தட்டச்சு செய்யச் சொல்லி என்னிடம் அனுப்பினார்.

நான் அதைத் தாளில் ஏற்றிவிட்டேன். கந்தையா என் பின்னால் வந்து நின்று வாசித்தார். தாளை அவரே இயந்திரத்திலிருந்து உருவினார்.

"தம்பி, வாகனப் பகுதியின் கடைசிப் பந்தி என்ன சொல்லுது?"

ஒப்பித்தேன்.

"சைக்கிள் வாகனம்தானே?"

"ஆமாங்க."

"அப்ப வாரும்" என்று சொல்லித் துரையின் அறைக்குப் போனார்.

அங்கே அவர் காத்தமுத்துவுக்காக ஒரு வார்த்தைகூடப் பரிந்து பேசவில்லை. இரக்கம் கேட்கவில்லை. பரிசோதனை இல்லாமல் நீக்கினால், கம்பெனியைச் சிங்கப்பூரிலிருந்து நடத்தும் ஏஜெண்டு அலுவலகம் பின்னால் கேள்வி கேட்கும், அந்தக் கேள்வி தனக்கு வராது, துரைக்கு வரும் என்பதை மட்டும் ஆங்கிலத்தில், மிக மரியாதையாகச் சொன்னார். தமிழில் சொன்னால் "தாங்கள் விரும்பினால்" என்று மூன்று தடவை வரும்படி பேசினார். துரை சுருட்டைக் கீழே வைத்துவிட்டுப் பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டார்.

பரிசோதனை மறுநாள் மத்தியானம் இஞ்சின் வீட்டில் நடந்தது. துரை நாற்காலியில் இருந்தார். கண்டக்டர் நின்றார். காத்தமுத்து தோளில் கட்டோடு கதவோரம் நின்றார், வெளியே அஞ்சலை. குறிப்பு எழுதுவது என் வேலை. கந்தையா கோட்டைக் கழற்றி மடித்து வைத்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒரு வெள்ளை மேசை விரிப்பைத் தரையில் விரித்து, அதன் மேல் முறிந்த சைக்கிளை வைக்கச் சொன்னார்.

"முதல்ல சுத்தினதைக் கழட்டும், காத்தமுத்து."

"ஒரு கையாலதாங்க முடியும்."

"ஆறுதலாச் செய்யும். நாங்கள் அவசரப்படேல்லை."

காத்தமுத்து ஒற்றைக் கையால் கிரேப் நாடாவைப் பிரித்தார். கீழ்க்குழாய் வெளியே வந்தது. நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். கம்பெனி அனுப்பிய நாளில்கூட அந்தச் சைக்கிள் அப்படி இருந்திருக்காது. கறுப்புக் கண்ணாடி. முறிந்த இடத்தின் விளிம்பு வரைக்கும் ஒரு புள்ளிச் சிவப்பு இல்லை, ஒரு கீறல் இல்லை. துரை குனிந்து பார்த்தார். அவருடைய மீசை அதில் தெரிந்தது. விரலால் தடவிப் பார்த்தார். இன்னொரு தடவை தடவினார், இந்தத் தடவை பரிசோதனைக்காக அல்ல.

கண்டக்டர் மட்டும் விடவில்லை. வெளியே பளபளப்பாக இருக்கலாம், ஆனால் குழாய் இற்றுத்தானே முறிந்தது என்றார். அது நியாயமான கேள்வி. கந்தையாவும் அதற்காகத்தான் காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

"சரியாகக் கேட்டீங்கள். தாங்களே இந்தப் பக்கம் பிடியுங்கோ" என்று கண்டக்டரிடம் சொன்னார். "தாங்களே" என்றதும் நான் குறிப்பிலிருந்து தலை நிமிர்ந்தேன்.

குழாயின் ஒரு சாண் நீளத்தை அறுத்தெடுத்து இடுக்கியில் பூட்டி, கந்தையாவே இரும்பு ரம்பத்தால் நீளவாக்கில் அறுக்கத் தொடங்கினார். கண்டக்டர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் ஆனது. பெரிய கிராணியின் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது.  குழாய் இரண்டாகப் பிளந்ததும் அவர் அதை விரிப்பின் மேல் பிடித்து ஒரு தட்டுத் தட்டினார்.

உள்ளேயிருந்து சிவப்புத் தூள் கொட்டியது. மிளகாய்த்தூளைச் சுளகில் கவிழ்த்தது போல வெள்ளைத் துணியில் ஒரு குவியல். பிளந்த குழாயை அவர் எங்கள் எல்லோருக்கும் காட்டினார். வெளிச்சுவர் எனாமலோடு அப்படியே இருந்தது. இரும்பு உள்பக்கத்திலிருந்து தின்னப்பட்டு, சில இடங்களில் எனாமலும் மெழுகும் மட்டுமே மிஞ்சியிருந்தன. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்த இடங்களில் ஒளி பழுப்பாக ஊடுருவியது. இரும்பே இல்லாத இடத்தில் காத்தமுத்துவின் பூச்சு சைக்கிளைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நான் எத்தனையோ கோயில்களுக்குப் போயிருக்கிறேன், அப்படிக் கைகட்டி நின்றது குறைவு.

"துரு வெளியில இருந்து உள்ளுக்குப் போகேல்லை. உள்ளுக்கிருந்து வெளியில வந்திருக்கு. எழுதும், தம்பி" என்றார் கந்தையா. பிறகு அதையே துரைக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

உள்ளே எப்படித் துரு வந்தது என்று துரை கேட்டார். கந்தையா எல்லோரையும் அழைத்துக்கொண்டு ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் இருந்த கிடங்குக்குப் போனார். லயத்தில் குடியிருப்பவர்கள் வசம் உள்ள கம்பெனிச் சாமான்கள் இரவில் பூட்டிய அறையில் இருக்க வேண்டும் என்பது விதி. டிரெசரும் கண்டக்டரும் குவார்ட்டர்சில் இருப்பவர்கள், அவர்கள் சைக்கிள்கள் வீட்டிலேயே நிற்கும். காத்தமுத்து லயத்துக்காரர். லயத்துப் பக்கம் பூட்டு உள்ள ஒரே அறை ஆசிட் கிடங்கு. அதனால் தபால் சைக்கிள் வருஷக் கணக்காக ஆசிட் ஜாடிகளுக்கு நடுவில் இரவைக் கழித்தது. ஆவி சீட்டுக் குழாய் வழியாகவும் பெடல் அச்சு வழியாகவும் உள்ளே இறங்கியிருக்கிறது. விதிகளை மனப்பாடம் செய்த எனக்கும் சரி, எழுதியவருக்கும் சரி, அந்த அறைக்குள் மூக்கை நீட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

கந்தையா கிடங்குக் கதவின் உள்பக்கத் தாழ்ப்பாளைத் துரைக்குக் காட்டினார். துரை அதை இழுத்தார். தாழ்ப்பாள் பிஸ்கட் உடைவது போல அவர் கையோடு வந்தது. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. துரை நல்ல மனிதர்தான், ஆனால் ஆள் குறைக்கச் சொன்ன மேலிடத்துக்கு அவரும் பதில் சொல்ல வேண்டியவர். சுற்றக் கூடாததைச் சுற்றியது குற்றமா இல்லையா என்பதைச் சிங்கப்பூர் ஏஜெண்டு அலுவலகமே முடிவு செய்யட்டும் என்றார். அறிக்கையைக் கந்தையா எழுதினார், நான் தட்டச்சு செய்தேன். பிளந்த குழாயை அதே கிரேப் நாடாவில் சுற்றிக் கூடவே அனுப்பினோம். பதில் வரும் வரை நீக்கல் இல்லை. ஆனால் பதில் எதுவாக இருந்தாலும் அதுவே முடிவு.

தோள் கூடியதும் காத்தமுத்து மறுபடி தபாலுக்குப் போகத் தொடங்கினார், நடந்து. புது சைக்கிளுக்கு அனுமதி இல்லை. காலை இருட்டில் இறங்கினால் மத்தியானம் தாண்டித்தான் திரும்புவார். தன் வேலையைப் பறிக்கப்போகிற கடிதமோ, தக்கவைக்கப்போகிற கடிதமோ, அதைத் தானே சுமந்து வர வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஏஜெண்டு அலுவலகத்து உறையின் மூலையில் உள்ள நீல முத்திரையை அவர் நன்றாக அறிவார். ஒவ்வொரு நாளும் தபாலாபீஸ் மேசையில் முதலில் அதைத்தான் தேடுவாராம்.

மாதம் ஒன்று கழிந்தது. பதில் வராத கடிதத்துக்கு ஒரு மாதத்தில் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது நடைமுறை. வரைவை எழுதி எடுத்துப் போனேன். கந்தையா அதை வாசித்து, மடித்து, மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

"நல்ல இங்கிலீஷ், தம்பி. இது இங்கேயே இருக்கட்டும்."

நடைமுறையை அவர் மீறியதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து இரண்டு லாரி நிறைய ஆட்களைக் கப்பலுக்கு ஏற்றிப் போன அன்று, அஞ்சலை ஆபீஸ் படியில் என்னை நிறுத்தினாள்.

"பதில் வந்துச்சுங்களா, கிராணி?"

"இன்னும் வரலை."

"வராமலே இருக்கட்டுங்க. வராத வரைக்கும் இங்க இருக்கோம்ல."

 அவள் சொன்னதைத்தான் பெரிய கிராணி இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தார்.

அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்து, தவழத் தொடங்கியது.

ஒரு நாள் காத்தமுத்து வழக்கத்தைவிட வெகு சீக்கிரமாக வந்தார். மலையை ஓடியே ஏறியிருக்க வேண்டும். மூச்சிரைப்பு நிற்கவில்லை. பையைக் கீழே வைக்காமல், உள்ளே கையை விட்டு ஒரு உறையை மட்டும் எடுத்தார். மழை படாமல் அதை மட்டும் கிரேப் துண்டில் சுற்றியிருந்தார், கீழேயிருந்து மேலாக. பிரித்து, தோள் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பெரிய கிராணியிடம் நீட்டினார்.

"இரும், காத்தமுத்து" என்றார் கந்தையா. தபால்காரரை அந்த ஆபீசில் நாற்காலியில் உட்காரச் சொன்னது அதுவே முதல் தடவை. காத்தமுத்து உட்காரவில்லை.

கந்தையா உறையை வெட்டி வாசித்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. திரும்ப முதலிலிருந்து வாசித்தார். பிறகு எழுந்து நின்று, ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னார். சைக்கிள் கெட்டதற்கு அதை வைத்திருந்தவர் காரணம் அல்ல. அவர் வேலையில் நீடிக்கலாம். புது சைக்கிள் ஒன்று அனுப்பப்படும், இனி அது இரவில் அவருடைய வீட்டிலேயே நிற்கட்டும்.

காத்தமுத்து அப்போதுதான் தபால் பையைக் கீழே வைத்தார்.

"வீட்டுலன்னா, லயத்துலயாங்க?"

"லயத்திலதான். உம்மட வீட்டில."

"அப்ப அஞ்சலைகிட்டச் சொல்லிட்டு வரட்டுங்களா?"

"பையை நாங்கள் பார்த்துக்கொள்ளுறம். போம்."

அவர் போன பிறகு கந்தையா உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, பதில் கிடைத்ததைப் பதிவு செய்யும், தம்பி, என்றார். பேனாவை மையில் தோய்த்து எழுதினேன்: பதில் பெறப்பட்டது, பிப்ரவரி பதினேழு.